பகிர்ந்தாளும் பண்பு

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால், சான்றோர் பாடலின் நயத்தையோ சமயகுரவர் வரலாற்றையோ எடுத்துரைப்பார் என வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. நாம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் வேறானது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையினுள்ளே கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்றோர் ஏற்பாடு உண்டு. அவ்வேற்பாட்டைப் பல முறைமை மென்பொருள்கள் தமக்குள் எவ்வாறு பகிர்ந்து ஆளுகின்றன, எவ்வாறு ஆளுதல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. கணனி கற்பிப்போர்க்குரிய பொருளில் எமக்கென்ன வேலை என வினவுவோரும் இருப்பர். இப்பொருளின் புறம் இயந்திரம், அகம் ஒழுக்கம். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கும் சிறிது உரிமை உண்டென்றே நாம் கருதுகின்றோம்.

முதலிற் பொருளை விளக்குவாம். கணனியிலே செய்நிரலொன்று ஓடத் தொடங்கியவுடன் அதனை முறைவழி என்பர். லினக்ஸின் கரு அதற்கோர் எண் வழங்கிக் கண்காணிக்கும். கரு என்பது வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருளுக்கும் இடைநின்று, மத்திய செயற்பாட்டு அலகின் நேரத்தையும் நினைவகத்தையும் வட்டின் போக்குவரத்தையும் பங்கிட்டளிக்கும் அடிப்படை மென்பொருளாகும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டிலே வெளியிட்ட அக்கரு, இன்று கைத்தொலைபேசி முதற் பெருஞ்சேவையகம் ஈறாக எங்கணும் இயங்கி வருகின்றது. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான முறைவழிகள் ஓடும் கணனியில், ஒன்று மாத்திரம் பேராசை கொண்டு நினைவகம் முழுவதையும் விழுங்குமாயின் ஏனையவை பட்டினி கிடக்கும். தனியொரு முறைவழிக்கு எல்லை வகுக்கும் வழிகள் முன்னரும் இருந்தன. ஆயினும், முறைவழியொன்று பல சேய்களை ஈன்று, அச்சேய்கள் பின்னும் சேய்களை ஈன்று பெருகும்போது, தனியாளுக்கு வகுத்த எல்லை குடும்பத்தைக் கட்டுப்படுத்தாதாயிற்று. குடும்பம் முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டு, ஒன்றாக எல்லையிட எழுந்ததே கட்டுப்பாட்டுக் குழு.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிற் பெரட்டுக்களத்திலே ஆட்களை நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் இன்ன மலைக்குப் பால்வெட்ட எனப் பிரித்தனுப்புவர். அன்றைய வேலைக்குரிய பேர் செக்ரோலிலே பதியப்படும். முழுப்பேரா, அரைப்பேரா என்பதை அப்புத்தகமே தீர்மானிக்கும். லினக்ஸிலும் அத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. அது கோப்புறைகளாலான ஒரு மரமாக அமைந்துள்ளது. அம்மரத்திலே புதிய கோப்புறையொன்றை ஆக்கினாற் புதிய குழு பிறக்கும். அதனுள்ளிருக்கும் கோப்பொன்றில் முறைவழியின் எண்ணை எழுதினால் அம்முறைவழி அக்குழுவைச் சேரும். ‘மெமரி மாக்ஸ்’ என்னும் கோப்பிலே எழுதும் தொகையே அக்குழு முழுவதற்கும் நினைவகத்தின் மேலெல்லை. ‘சிபியூ வெயிட்’ என்பதில் 1 முதல் 10000 வரை ஓரெண்ணை எழுதலாம்; எழுதாவிடின் 100 எனக் கொள்ளப்படும். நேரத்துக்குப் போட்டி நேரும்போது, 100 உடைய குழு ஒரு பங்கு பெற, 200 உடைய குழு இரு பங்கு பெறும். தாய் எக்குழுவிலோ சேயும் அக்குழுவிலேயே பிறக்கும். ஆதலின், தாயை விட்டு விலகியோடிய முறைவழியும் எக்குழுவிலிருந்து வந்தது என்பதைப் பின்னரும் அறியலாகும்.

இவ்வேற்பாட்டின் வரலாறு நீண்டதன்று. 2006ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனத்துப் பொறியியலாளர் போல் மெனேஜ், ரோஹித் சேத் என்போர் இம்முயற்சியைத் தொடங்கினர். முதலில் வழங்கிய பெயர் வேறு பொருளோடு மயங்குதல் கண்டு, 2007இல் கட்டுப்பாட்டுக் குழு என்ற பெயர் இடப்பட்டது. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24ஆம் பதிப்பிலே அது கருவினுள் இடம்பெற்றது. நினைவகத்தைக் குழுவாரியாகக் கணக்கிடும் பகுதியை ஆக்கியோருள், ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவிற் பணியாற்றிய பல்பீர் சிங் குறிப்பிடத்தக்கவர். செயற்பாட்டு அலகின் நேரத்தைக் குழுக்களிடையே பங்கிடும் பணியில் அந்நிறுவனத்தைச் சார்ந்த ஸ்ரீவத்ஸ வத்தகிரியின் உழைப்பும் உண்டு. கருவின் மூலநிரல் எவரும் வாசிக்கத் திறந்து கிடப்பது. எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். தகுதியுடையதாயின் அது ஏற்கப்படும். எம் பக்கத்து நாட்டார் செய்தது எம் மாணவர்க்கும் எட்டாத காரியமன்று.

முதற் பதிப்பிலே பெருங்குறை ஒன்றிருந்தது. மரம் ஒன்றாக அமையாது பலவாக அமைந்தது. நினைவகத்துக்கு ஒரு மரம், செயற்பாட்டு அலகுக்கு வேறொரு மரம், வட்டுக்கு மற்றொரு மரம் என அமைக்க இடமிருந்தமையால், ஒரே முறைவழி ஒரு மரத்தில் ஒரு குழுவிலும் மற்றொரு மரத்தில் தொடர்பற்ற வேறொரு குழுவிலும் இருத்தல் கூடுமாயிற்று. ஒரே ஆளின் பேர் மூன்று செக்ரோல்களில் மூன்று கங்காணிமாரின் கீழ்ப் பதியப்பட்டாற் சம்பள நாளன்று யாது நேரும் என்பதை எம் வாசகர் தாமே உய்த்துணர்வர். நினைவகத்தைச் செலவிட்டது எக்குழு, வட்டில் எழுதியது எக்குழு என இரண்டையும் பொருத்திப் பார்க்க இயலாது கணக்கு கலங்கியது.

இதனினும் பெரிய சிக்கல், அம்மரத்தில் யார் எழுதுவது என்பதாகும். 2010ஆம் ஆண்டிலே லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் சிஸ்டம்டி என்னும் மென்பொருளை வெளியிட்டனர். கணனி விழித்தெழும்போது முதலிலே ஓடத் தொடங்கி, ஏனைய சேவைகளையெல்லாம் எழுப்பி மேற்பார்ப்பது அதன் பணி. ஒவ்வொரு சேவையையும் ஒவ்வொரு குழுவில் இருத்தினால், சேவையை நிறுத்தும்போது அதன் சேய்கள் ஒன்றேனும் எஞ்சாது நிறுத்தலாம் என்பதைக் கண்டு, கட்டுப்பாட்டுக் குழுக்களையே அது தன் அடித்தளமாக்கிக்கொண்டது. மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் லிப்வேர்ட், கொள்கலன்களை நடத்தும் எல்எக்ஸ்சி, 2013இல் வெளிவந்த டொக்கர் ஆகியனவும் அதே மரத்திலே தத்தம் கிளைகளை வளர்க்கலாயின. ஒருவர் வகுத்த எல்லையை மற்றவர் அழித்தெழுதுதல், ஒருவர் குழுவிலிருந்த முறைவழியை மற்றவர் இடம் பெயர்த்தல், இன்னும் வேண்டிய கோப்புறையை வெறுமையெனக் கருதி நீக்குதல் ஆகிய பூசல்களுக்கு இடமுண்டாயிற்று.

இங்கே நாம் கருத்தூன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முழு அதிகாரத்துடன் ஓடும் மென்பொருளொன்று பிறிதொன்றின் கிளையிலே கைவைப்பதைக் கரு தடுப்பதில்லை. அதிகாரமுடையோர் எழுதினால் எழுத்து ஏறும்; அவ்வளவே. ஆகவே இம்மென்பொருள்களிடையே நிலவவேண்டிய அமைதி, சட்டத்தாலன்றி உடன்பாட்டாலேயே நிலவவேண்டியதாயிற்று. சிஸ்டம்டியைச் சார்ந்தோர் இதற்கென ஓர் உடன்பாட்டை எழுதி, பழைய உரோமப் பேரரசின் சமாதானத்துக்கு வழங்கிய இலத்தீன் பெயரைப் போலச் செய்து, ‘பாக்ஸ் கொன்ட்ரோலா குரூப்பியானா’ என வேடிக்கையாகப் பெயரிட்டனர். பெயர் வேடிக்கையாயினும் பொருள் வேடிக்கையன்று. மரத்துக்குத் தான் ஒருவனே உரியவன் எனக் கருதற்க, பிறர் ஆக்கிய குழுவைத் தொடற்க, தான் நிற்கும் இடத்தின் கீழேயே கிளை வளர்க்க, போகும்போது தன் குப்பையைத் தானே நீக்குக என்பனவே அதன் சாரம் என நாம் கொள்ளலாம்.

உடன்பாடு பேணாவிடின் விளைவது யாது என்பதற்குக் குபெர்நெட்டீஸ் தக்க சான்றாகும். கூகிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட இம்மென்பொருள், பல கணனிகளிலே கொள்கலன்களை ஏவி மேற்பார்ப்பது. ஒவ்வொரு கணனியிலும் அதன் முகவராய் அமர்ந்திருக்கும் குபெலெட், குழுக்களை இருவழியில் அமைக்கலாம். கோப்புறைகளைத் தானே நேரே ஆக்குதல் ஒன்று. சிஸ்டம்டியிடம் விண்ணப்பித்து ஆக்குவித்தல் மற்றொன்று. சிஸ்டம்டி ஆளும் கணனியிலே முதல்வழியைக் கையாண்டால், ஒரே வளத்துக்கு இரு கணக்கப்பிள்ளைமார் இரு புத்தகம் எழுதியவாறாகும். வளம் நிறைந்திருக்கும் நாளிற் பிழை வெளித்தோன்றாது. நினைவகம் நெருக்கடிக்குள்ளாகும் நாளிலோ அத்தகைய கணனிகள் நிலைகுலைவதுண்டு என அம்மென்பொருளின் ஆவணமே எச்சரிக்கின்றது. 2021 ஓகஸ்டில் வெளியான 1.22ஆம் பதிப்பு முதல், அதனை நிறுவ உதவும் குபெஅட்மின் என்னும் கருவி, பிறிது கூறாவிடின் சிஸ்டம்டியின் வழியையே கைக்கொள்கின்றது. இரு புத்தகம் ஒரு புத்தகமாயிற்று.

கருவினுள்ளும் திருத்தம் நிகழ்ந்தது. தேஜுன் ஹியோ முன்னின்று வடிவமைத்த இரண்டாம் பதிப்பு, 2016 மார்ச்சில் வெளியான 4.5ஆம் பதிப்புக் கருவிலே நிலைபெற்றது. அதில் மரம் ஒன்றே. முறைவழிகள் இலைகளிலே இருத்தல் வேண்டும். வளத்தைக் கிளைகளுக்குப் பங்கிடும் குழு, தன்னிடத்தே முறைவழிகளையும் வைத்துக்கொண்டு அவற்றோடு போட்டியிடல் ஆகாது. ஒரு குழுவை ஒருவரே எழுதுதல் வேண்டும் என்னும் விதியைச் சிஸ்டம்டி இதனோடு சேர்த்தது. ஆயினும் மரம் முழுவதையும் ஒருவரே ஆளவேண்டும் என்பது அதன் கருத்தன்று. ஒரு கிளையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தபின் அக்கிளையின் உள்ளே சிஸ்டம்டி தலையிடாது. கிளையை ஏற்றவரோ அதனுள்ளே விரும்பியவாறு சிறுகிளைகளை வளர்க்கலாம். எனினும் கிளை முழுவதற்கும் மேலே வகுக்கப்பட்ட எல்லையைத் தாமே உயர்த்திக்கொள்ளுதல் முறையன்று. அவ்வெல்லை எழுதிய கோப்பு ஒப்படைத்தவரிடமே நிற்கும். பெடோரா 31ஆம் பதிப்பு 2019 ஒக்டோபரிலே இம்முறையை இயல்பாக ஏற்றது. டொக்கரும் 2020 டிசெம்பரிலே வெளியான 20.10ஆம் பதிப்பில் இதற்கு இசைந்தது.

இவ்வமைப்பு எமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தமிழ் வாக்கியம் எத்துணை நீளினும் அதனை முடிப்பது ஒரு வினைமுற்றே. இடையில் வரும் வினையெச்சங்களோ ஒவ்வொன்றும் தனக்குரிய செயப்படுபொருளையும் அடைமொழிகளையும் தானே ஆளுகின்றன. முற்று அவற்றுட் புகுந்து குழப்புவதில்லை. எச்சம் தன்னை முற்றெனக் கருதி இடையிலே வாக்கியத்தை முடித்தாலும் பொருள் சிதையும்; முற்று ஒன்றே போதுமென எச்சங்களை ஒழித்தாலும் நீண்ட கருத்தைச் சொல்ல வகையிராது. ஒப்படைப்பின் இலக்கணம் இதுவே. வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரமே வகுத்தது, ஆளும் தொழிலின் பெரும்பகுதி ஒப்படைக்கும் தொழில் என்பதை உணர்ந்தன்றோ!

இதற்கு மாறுபடுவோரும் உளர். கட்டற்ற மென்பொருளுலகிலே சிஸ்டம்டி ஒன்றே அதிகாரத்தையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொண்டது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. 2014ஆம் ஆண்டிலே டெபியன் அமைப்பு சிஸ்டம்டியை ஏற்கத் துணிந்தபோது, அதனை ஒப்பாதார் பிரிந்து டெவுவன் என்னும் வேறொரு பணிசெயல் முறைமையைத் தொடங்கினர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். ஒரே கையில் அதிகாரம் குவிவதைக் கண்டு அஞ்சாதவன் வரலாறு படியாதவன். ஆயினும் எம் கருத்து இது: குறைவான வளத்தைப் பலர் பகிருமிடத்து, கணக்கு ஒன்றாயிருத்தல் தீதன்று, ஒப்படைப்பு இல்லாதொழிவதே தீது. பல கணக்கிருந்த காலத்திலே சுதந்திரம் இருந்ததென்பர். அச்சுதந்திரம் வலிமையுடைய முறைவழிக்கே பயன்பட்டது. மெலிந்த முறைவழி நெருக்கடி நாளிலே பட்டினி கிடந்தது. ஒரு கணக்கின் கீழ், எழுதி வைத்த ஒப்படைப்போடு வாழும் கிளைக்கே காப்பு மிகுதி.

கணனிக்கு வெளியேயும் இவ்வுண்மைக்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. எம் தோட்டங்களின் பாதையும் வாய்க்காலும் குடிநீரும் யார் பொறுப்பு? தோட்ட நிர்வாகத்தின் மரம் ஒன்று. பிரதேச சபையின் மரம் வேறொன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாய் நின்றது. லயத்திலே வாழ்வோர் சபைக்கு வாக்களித்தனர். வடிகால் உடைந்தபோதோ நிர்வாகத்தின் வாயிலை நோக்க வேண்டியவராயினர். ஒரே மக்கள் இரு மரங்களில், இரண்டிலும் முழுவதும் சேராது நின்றமைக்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ? 2018ஆம் ஆண்டிலே சட்டம் திருத்தப்பட்டு, அத்தடை நீங்கியது. தடை நீங்குதல் ஒன்று. எப்பாதை எவர் பொறுப்பு என எழுதி ஒப்படைத்தல் வேறொன்று. முன்னதைப் பாராளுமன்றம் செய்தது. பின்னது ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு சபையிலும் எழுத்திலே அமைதல் வேண்டும். வெறும் அனுமதி ஒப்படைப்பாகாது.

இனி எம் கல்லூரிக்கு வருவோம். பழைய மாணவர் கல்விக்கூடத்துக்குக் கணனி வழங்க விரும்புதல் போற்றத்தக்கது. தோட்டப்புறத்துச் சிறு பாடசாலைகளும் அவ்வன்பிலே பங்கு பெறல் வேண்டும். ஆயினும் பொருளோடு முறையையும் வழங்குமாறு நாம் வேண்டுகின்றோம். பத்து மாணவர்க்குப் பத்துப் புதிய கணனி வாங்க இயலாதவிடத்து, ஆற்றல் மிக்க ஒரு கணனியைச் சேவையகமாக்கி, பழைய கணனிகளைத் திரையும் விசைப்பலகையுமாகப் பயன்படுத்தலாம். லினக்ஸிலே நுழையும் ஒவ்வொரு மாணவருக்கும் சிஸ்டம்டி தனிக்கிளை ஒன்றை அமைக்கின்றது. ஒரே கோப்பிலே ஓரெல்லையை எழுதிவைத்தால் அது எல்லா மாணவர் கிளைக்கும் பொருந்தும். 8 கிகாபைற்று நினைவகமுள்ள சேவையகத்திலே மாணவர் ஒருவருக்கு 600 மெகாபைற்று என வகுத்தாற் பதின்மருக்கு 6000 ஆகும். எஞ்சிய ஏறக்குறைய 2 கிகாபைற்று முறைமையின் தேவைக்கு நிற்கும். ஒரு மாணவன் தன் செய்நிரலிற் பிழைசெய்து முடிவற்ற சுழற்சியிலே நினைவகத்தை விழுங்கினாலும், அவன் கிளையே முறியும்; பக்கத்திலிருப்பவளின் கட்டுரை அழியாது. பிழைசெய்து கற்கும் உரிமையைப் பிறருக்குத் தீங்கின்றி வழங்கும் வகுப்பறை எதுவோ அதுவே நல்ல வகுப்பறை.

மென்பொருளுக்குரிய நெறி கணனிக்கூடத்தை நடத்துவோர்க்கும் உரியதே. முதல் அதிகாரக் கடவுச்சொல் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அவர் யார் என்பது அதிபரின் பதிவேட்டில் எழுதப்படட்டும். மாணவர் மன்றத்துக்கு ஒரு கிளை, நூலகத்துக்கு ஒரு கிளை, பழைய மாணவர் சங்கத்தின் பணிக்கு ஒரு கிளை என ஒப்படைக்கப்படட்டும். நன்கொடை அளித்த வகுப்பினர் தாம் அளித்த கணனியின் மேல் என்றென்றும் கைவைத்திருத்தல் வேண்டாம். கணனிக்கூடப் பொறுப்பாசிரியர் ஒப்படைத்த கிளையிற் கூப்பிடாமற் புகவும் வேண்டாம். இடம் மாறிச் செல்வோர், தாம் நிறுவியவற்றுள் வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை அடுத்தவர் பெயருக்கு மாற்றிச் செல்க.

மாணவர்க்கு ஒரு சொல். கணனியிலே தட்டச்சும் விளையாட்டும் பழகியதோடு அமையற்க. அதன் உள்ளே புகுந்து, குழுக்களின் மரத்தைக் கண்ணாற் கண்டு, ஒரு குழுவை ஆக்கி, ஓரெல்லையை எழுதி, அதனை மீறும் முறைவழிக்கு நேர்வதைப் பார்மின். அதற்கு விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை. விளக்க நூலும் கருவின் ஆவணத்திலேயே உண்டு. அது ஆங்கிலத்தில் உள்ளதென அஞ்சற்க. நீவிர் வாசித்து விளங்கியதைத் தமிழிலே எழுதி வைத்தால், அடுத்து வருவோர்க்கு அதுவே முதல் நூலாகும். சொல் தெரிந்தெடுக்கும் பணியில் நாமும் துணைநிற்போம். பெலிகுல்லோயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்திலே கணிமைப் பீடம் உண்டு. எம் மலைகளுக்கு அண்மையில் நிற்கும் அவ்வாயிலுக்குள் எம் பிள்ளைகள் மிகுதியாய் நுழைதல் வேண்டும். பெரட்டுக்களத்திலே பிறர் எழுதிய பேருக்குக் காத்துநின்ற பெற்றோரின் மக்கள், உலகக் கணனிகளின் பதிவேட்டிலே எழுதும் உரிமையைக் கல்வியாற் பெறுவாராக. பெற்றபின், தம் கிளையைக் காத்து, பிறர் கிளையை மதித்து எழுதுவாராக.